நம்ம ஊர் நர்ஸுக்கு இந்த ஆன்லைன் வகுப்பு எதற்கு?

கேள்வி
04.01.2025, மாலை 6.10

தென்காசிப் பக்கம் ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். ஓபியாய்டு (அபினி வகை மருந்து) மாத்திரையோ ஊசியோ பழகிய தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, அந்த மருந்து திடீரென்று நின்றுபோவதால் வருகிற விலகல் அறிகுறிகளைப் பற்றி எட்டுப் பாடம் கொண்ட ஆன்லைன் வகுப்பை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் தேர்வு. எல்லாம் அமெரிக்கக் குழந்தைகள், அமெரிக்க இங்கிலீஷ். அப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்லை. மஞ்சள் காமாலைக்கும் எடை குறைவுக்குமே எங்களுக்குக் கை போதவில்லை. வீடியோவை ஓடவிட்டு சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? இந்தப் பிரச்சினை நம்ம ஊரில் இருக்கிறதா? சீனியர் அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பதில்
04.01.2025, இரவு 9.45

தாராளமாக ஓடவிடலாம். முதல் இரண்டு பாடத்தை நானும் அப்படித்தான் முடித்தேன். போன் அடுப்படி ஜன்னலில், நான் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டு. மூன்றாவது பாடத்தில் ஒரு குழந்தை அழுதது. மாவுக் கையோடு ஜன்னலுக்கு வந்து, சுண்டுவிரலால் தட்டித் திரும்ப ஓடவிட்டேன். அந்த அழுகை நான் முன்பே கேட்டது. கேட்டது நம்ம ஊரில்.

மீதியைப் பிள்ளைகள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

04.01.2025, இரவு 11.50

சில வருடத்துக்கு முந்தி, நான் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்தது. அடையாளம் தெரியக் கூடாது என்று ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன்.

பீடி சுற்றுகிற பெண். இரண்டாவது பேறு, சுகப்பிரசவம், பிள்ளை 2.6 கிலோ. முதல் நாள் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஆரம்பித்தது. பசி அழுகை ஏறும், இறங்கும். இது ஏறின இடத்திலேயே நின்றது. கையை லேசாகத் தொட்டால் தாடையும் கையும் நடுங்கின. தும்மல், கொட்டாவி, மறுபடி தும்மல். மூக்கடைப்பு. மார்பில் போட்டால் வெறி பிடித்த மாதிரி சப்பும், இரண்டு மடக்குக்குள் விட்டுவிட்டு அழும். மறுநாள் தண்ணியாகப் போக ஆரம்பித்து, பின்புறம் தோலுரிந்து சிவந்துவிட்டது.

கூட இருந்த ஆச்சி பார்த்துவிட்டு, "ஏளா, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு. சேலையில போட்டு உருட்டுனா சரியாப் போவும், வீட்டுக்கு விடச் சொல்லு" என்றார். டூட்டி டாக்டர் தொற்று என்று நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை, முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். சர்க்கரை பார்த்தோம், ரத்தம் எடுத்தோம், வார்மரில் (சூடு தரும் கட்டில்) போட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம். கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஒன்றும் வளரவில்லை. ஒன்பது நாளில் தானாக அடங்கிற்று.

நடுவில் நான் கேட்டேன்: "மாசமா இருக்கும்போது ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிட்டியாம்மா?" கட்டிலின் ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் நாத்தனார். "சத்து மாத்திரைதான் சிஸ்டர்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று காலை, வராந்தாக் குழாயடியில் பாலாடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, உள்ளங்கைக்குள் வைத்தே காட்டினாள். "இடுப்பு வலிக்கு இதப் போடுதேன் சிஸ்டர். இத வச்சிக்கிட்டுப் பால் குடுக்கலாமா?" டிரமடால். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டேன். ரெண்டு, பீடிக்கட்டு அதிகமானால் நாலு. எத்தனை மாதமாக என்று நான் கேட்கவில்லை. ஹேண்டோவருக்கு நேரமாகிவிட்டது. "டாக்டர்கிட்ட கேட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிரமடாலும் ஓபியாய்டு வகை. மாதக்கணக்கில் போட்ட தாயின் பிள்ளைக்கு விலகல் வரலாம். இதை நான் மூன்றாம் பாடத்தில், மாவுக் கையோடு தெரிந்துகொண்டேன்.

05.01.2025, காலை 6.30

ஒன்பது நாள் என்று ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன். பழைய டயரி அம்மா வீட்டில், கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

05.01.2025, மதியம் 2.15

"வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பாடம் மதிப்பெண் போடுவது. ஃபினெகன் அட்டவணை என்று பெயர். லொரெட்டா ஃபினெகன் என்ற டாக்டரம்மா 1970களில் பிலடெல்பியாவில் உருவாக்கியது. அழுகை, தூக்கம், நடுக்கம், தசை விறைப்பு, தும்மல், கொட்டாவி, வியர்வை, காய்ச்சல், பால் குடிப்பது, கக்குவது, மலம் என்று இருபதுக்கு மேல் வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்ட வேண்டும். 8 வந்தால் மருந்து.

இதில் தமாஷ் என்னவென்றால் தும்மலை எண்ணுவது. அந்த இடைவெளியில் மூன்று நாலு முறைக்கு மேல் தும்மினால் 1. நான் வீடியோவில் எண்ணியது நான்கு, விடை சொன்னது ஐந்து. திரும்ப ஓடவிட்டால், ஐந்தாவது தும்மல் அந்த நர்ஸுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் சந்தேகம் தீரவில்லை.

விளையாட்டை விடுங்கள். அந்தப் பயிற்சிகளின் இலக்கு, ஒரே குழந்தையைப் பார்க்கும் இரண்டு பேர் போடுகிற எண் 90 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது. எங்கள் யூனிட்டில் நானும் இன்னொரு சிஸ்டரும் ஒரே வீடியோவுக்குப் போட்டுப் பார்த்தோம். நான் 11, அவள் 6. அவள் கை நடுக்கத்தை "எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்" என்று விட்டுவிட்டாள். நான் கொட்டாவிக்கெல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன். ஆளுக்கு ஆள் இப்படி என்றால், காலை டூட்டியில் மருந்து கூடும், நைட் டூட்டியில் குறையும்.

அப்புறம் தோல். உடம்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் 1 என்று இருக்கிறது. படத்தில் வெள்ளைக்காரக் குழந்தை, பளிங்கில் கோடு போட்ட மாதிரி துல்லியமாகத் தெரிகிறது. நம்ம கறுத்த பிள்ளைகளின் உடம்பில், டியூப்லைட் வெளிச்சத்தில் அதை யார் பார்ப்பது? வியர்வைக்கும் 1. கத்திரி வெயிலில், கரண்ட் போன அரைமணி நேரத்தில், மதிப்பெண் போடுகிற நர்ஸுக்கும் சேர்த்து 2 போட வேண்டியதுதான்.

05.01.2025, இரவு 10.05

சென்னையிலிருந்து ஒரு டாக்டர் குட்டு வைத்துவிட்டார். சரியான குட்டு. "8 வந்தால் மருந்து" என்று நான் எழுதியது தப்பு. தொடர்ந்து மூன்று முறை 8 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் தொடர்ந்து இரண்டு முறை 12 அல்லது அதற்கு மேல். அதுதான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. பசித்து அழுகிற பிள்ளைக்கு எண் போடக் கூடாது, பால் கொடுத்து அமைதியாக்கிவிட்டுப் போட வேண்டும். இதையும் விட்டுவிட்டேன். நான் தேர்வில் எடுத்தது 84 சதவீதம். அந்தப் பாக்கி 16 இங்கேதான் இருந்திருக்கும்.

07.01.2025, இரவு 9.20

டயரி கிடைத்தது. அம்மா அதன் கடைசிப் பக்கங்களில் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

ஒன்பது நாள் இல்லை, பதினொன்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மூன்றாம் நாள் ரத்தத்தில் கால்சியம் 6.8. இது குறைவு. டிரிப்ஸில் கால்சியம் ஏற்றியிருக்கிறோம். மறுநாள் என் கையெழுத்திலேயே "நடுக்கம் பரவாயில்லை" என்று இருக்கிறது. இதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

கால்சியம் குறைந்தாலும் பிள்ளை நடுங்கும். சர்க்கரை குறைந்தாலும் நடுங்கும். தொற்று, தைராய்டு, மூளையில் ரத்தக்கசிவு எல்லாவற்றிலும் இந்த அறிகுறிகளில் ஒரு பங்கு வரும். விலகல் என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பார்த்துவிடு என்று வகுப்பிலும் சொன்னார்கள். நான்தான் ஒரு அழுகையைக் கேட்டதும் பழைய கேஸ் ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். புதிதாகச் சுத்தியல் வாங்கினவன் வீட்டில் ஆணி அடிக்காத சுவரே இருக்காது.

ஆனாலும் அதற்குப் பிறகு மேலும் நாலு நாள் தும்மலும் தண்ணிப் போக்கும் நின்றபாடில்லை என்று அதே டயரி சொல்கிறது. கால்சியம் குறைவு தும்ம வைக்காது. அதனால் இப்போது என் கணக்கு: இரண்டும் இருந்திருக்கலாம். அன்றைக்குக் குழாயடியில் இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் "லாம்" போடாமல் எழுதியிருப்பேன்.

08.01.2025, மதியம் 1.40

"நம்ம ஆச்சிமாருக்குத் தெரியாததா? துணியில் சுற்றி, இருட்டறையில் தொட்டில் கட்டி ஆட்டினால் போதும், இதைத்தான் வெள்ளைக்காரன் இப்போது கண்டுபிடித்திருக்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாற்பது பேர் விருப்பமும் போட்டிருக்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறை, சத்தத்தைக் குறை, கையைக் காலை அடக்கித் துணியில் சுற்று, மார்போடு வை, கேட்கும்போதெல்லாம் பால் கொடு. ஆமாம், இது அத்தனையும் வகுப்பில் இருக்கிறது, மருந்துக்கு முன்னால் இருக்கிறது. என் ஆச்சியும் இதைத்தான் செய்வாள். ஆனால் அதே ஆச்சிதான் பிறந்த பிள்ளை வாயில் சேனை வைப்பாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வாள். விடாமல் அழுதால் உரை மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் உரம் எடுக்கச் சேலையில் போட்டு உருட்டுவது. விலகலில் இருக்கிற பிள்ளை ஏற்கனவே கக்கிக்கொண்டும் தண்ணியாகப் போய்க்கொண்டும் இருக்கும், எடை மளமளவென்று இறங்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டினால் என்ன ஆகும்? தொட்டிலுக்கு மட்டும் விருப்பம் போட்டுக்கொள்கிறேன்.

08.01.2025, மதியம் 1.55

என் ஆச்சி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதியது. யாரும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

10.01.2025, இரவு 11.10

தங்கச்சி, நீ ஆறாவது பாடத்தை மட்டும் ஓடவிடாதே. உட்கார்ந்து பார். ஃபினெகன் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்கிற முறை அதில் வருகிறது. பிள்ளை வயதுக்கேற்ற அளவு பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்துக்குள் சமாதானப்படுத்த முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், தும்மினாலும் நடுங்கினாலும் மருந்து வேண்டாம். இல்லை என்றால் முதலில் மருந்தைத் தேடாதே. அறையில் சத்தம் அதிகமா, தாய் பக்கத்தில் இருக்கிறாளா, பால் போதுகிறதா என்று பார். அதற்கும் மசியாவிட்டால்தான் வாய்வழி மார்பீன் (இதுவும் ஓபியாய்டுதான்).

யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் ஆரம்பித்தது. பிறகு அமெரிக்காவில் 26 ஆஸ்பத்திரிகளில், 1,305 குழந்தைகளிடம் பழைய முறையையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். வீட்டுக்குப் போகத் தகுதியாகும் நாள் பழைய முறையில் சராசரி 14.9, புதிய முறையில் 8.2. மருந்து தேவைப்பட்டது பழைய முறையில் 52 சதவீதத்துக்கு, புதிய முறையில் 19.5 சதவீதத்துக்கு. நான் இந்த எண்களைப் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தி எழுந்து தண்ணி குடித்தேன். ஆறரை நாளுக்கு மேல் வித்தியாசம். நம்ம கணக்கில் சொன்னால், பக்கத்து வீட்டில் மூத்த பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒரு தாய்க்கு ஒரு வாரக் கூலி.

இப்போது நம்ம பக்கத்தைப் பார். அமெரிக்காவில் பல இடத்தில் தாய் பக்கத்தில் இருக்க முடியாது, அதனால் பிள்ளையை மடியில் வைத்திருக்கத் தொண்டர்களைத் தேடுகிறார்கள். நம்ம வார்டில் ஒரு பிள்ளைக்கு அம்மா, ஆச்சி, அத்தை, சித்தி, மயினி என்று ஐந்து மடி. அப்படியானால் நமக்கு ரொம்ப எளிது என்று தோன்றும். ஆனால் பிள்ளை நடுங்குகிறது என்றவுடன் நாம் என்ன செய்கிறோம்? தூக்கிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறோம். வார்மரில் போடுகிறோம். தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் மானிட்டர் கத்தல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்க்குப் பத்து நிமிடம் அனுமதி, ஐந்து மடியும் வெளியே வராந்தாவில். இந்தப் பிள்ளைக்கு எது எது ஆகாதோ அத்தனையையும் அக்கறையோடு செய்கிறோம். நானும்தான். டயரியில் இருக்கிற அந்தப் பதினொரு நாளில் தாய் மார்போடு வைத்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு நாள் தேறாது.

எடை குறைந்த பிள்ளைக்குக் கங்காரு முறையில் தாயின் மார்பில் கட்டி வைக்கிறோம் இல்லையா? அதே நாற்காலி, அதே துணி. 2.6 கிலோ பிள்ளைக்கு அந்த நாற்காலி கிடையாது என்று எந்த ஆர்டரும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

14.01.2025, காலை 10.30

பொங்கல் வாழ்த்து. பானை பொங்கிற்று. என் டூட்டி மதியம் ஒன்றரைக்கு. கரும்பு கடித்த வாயோடு இன்றைக்கு எவனோடும் விவாதம் இல்லை.

16.01.2025, இரவு 8.50

விவாதம் வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர்: "கசகசாவும் அபினிச் செடியிலிருந்துதானே வருகிறது? குருமாவில் கசகசா அரைத்துச் சாப்பிட்ட தாய்க்கும் இந்தச் சிக்கல் வருமா?"

செடி ஒன்றுதான். அபினி வருவது காயைக் கீறினால் வடிகிற பாலில், விதையில் இல்லை. விதையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச நஞ்சம்தான் நம்ம குருமாவுக்கு வருகிறது. கழுவி, வறுத்து, அரைத்து, கொதிக்க வைத்தால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். குருமாவால் பிள்ளைக்கு விலகல் வராது, தைரியமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சிறுநீர்ச் சோதனையில் கசகசா பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிவிடுவது உண்டு. அதனால் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாயைக் குற்றவாளியாக்கக் கூடாது.

இன்னொன்று, அழுகிற பிள்ளைக்குத் தூக்கம் வர கசகசாவைப் பாலில் அரைத்து ஊற்றுகிற பழக்கம் நம்ம பக்கமும் இருக்கிறது. பிள்ளை அரைகுறையாக மூச்சு விடுகிற நிலைக்கு வந்துவிடலாம், தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்தில் பம்பாய் மில் வேலைக்குப் போன தாய்மார் அபினி கலந்த உருண்டையைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் போவார்களாம். பாலகோலி என்று பெயர். வேலைக்குப் போகிறவள் படும் பாடு அது, பழிக்கத் தோன்றவில்லை.

18.01.2025, இரவு 11.30

"இருந்தாலும் இது பஞ்சாப், மணிப்பூர் பிரச்சினை, திருநெல்வேலிப் பெண்கள் அப்படி இல்லை" என்று ஒரு பின்னூட்டம். இந்த "அப்படி" என்ற சொல்தான் என்னைக் குழாயடியில் நிற்க விடாமல் செய்தது.

2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் ஏதோ ஒரு ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். ஹெராயின் மட்டும் இல்லை, மாத்திரையும் அபினியும் சேர்த்து. டிரமடாலை 2018இல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பேப்பரில் நாம் படிக்காத மாதமா? அந்தப் பையன்களுக்குப் பெண்டாட்டி இருக்க மாட்டாளா? அதுகூட வேண்டாம். குனிந்தபடியே நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறவளுக்கு இடுப்பு வலிக்கும். கடையில் போய் "வலி மாத்திரை" என்று கேட்பாள். கொடுத்ததைப் போடுவாள். அதை நிறுத்தினால் மறுநாள் உடம்பெல்லாம் முறுக்கும், மூக்கு ஒழுகும், சளி என்று நினைத்து மறுபடி போடுவாள். தனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

அதனால் "போதை மருந்து பழக்கம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பாள், அது பொய்யும் இல்லை. வகுப்பில் தாயிடம் கேட்பதற்கென்று ஒரு பாடம் இருக்கிறது. எல்லாத் தாய்மாரிடமும் ஒரே மாதிரி கேள், தனியாகக் கேள், தீர்ப்புச் சொல்லாதே என்று. நல்ல பாடம்தான். ஆனால் அதில் வருகிற நர்ஸ் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறாள். நமக்குக் கதவு எங்கே இருக்கிறது? நாற்காலியில் மாமியார் இருக்கிறார்.

நான் இப்போது செய்வது இரண்டு. ஒன்று, எடை பார்க்க வேண்டும் என்று சொல்லித் தாயை மட்டும் கூட்டிக்கொண்டு போவது. எடைக் கருவி மூலையில் இருக்கிறது, அங்கே வைத்துக் கேட்பேன். இரண்டாவது, பழக்கம் என்ற பேச்சே எடுக்காமல், "வீட்ல இருக்க எல்லா மாத்திரை அட்டையையும் மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லும்மா, காலியான அட்டைன்னாலும் பரவாயில்ல" என்பது. வாய் சொல்லாததை அட்டை சொல்லும்.

18.01.2025, இரவு 11.45

விட்டுப்போனது. அந்தப் பிள்ளைகளை "போதைக்கு அடிமையான குழந்தை" என்று எழுதுகிற பேப்பர்காரர்களுக்கு: பிறந்து இரண்டு நாளான பிள்ளை எதற்கும் அடிமை இல்லை. வயிற்றுக்குள் பழகிய ஒன்று தொப்புள்கொடியோடு திடீரென்று நின்றுபோன உடம்பு, அவ்வளவுதான். நான் கேஸ் ஷீட்டில் விலகல் அறிகுறி என்றுதான் எழுதுகிறேன்.

19.01.2025, காலை 7.10

"சரி, கண்டுபிடித்தால் தாயை உடனே நிறுத்தச் சொல்லலாமா, பால் கொடுக்கலாமா?" இரண்டும் நர்ஸ் முடிவு செய்வது இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஓபியாய்டுக்குப் பழகிப்போன கர்ப்பிணிக்கு மெதடோன் அல்லது புப்ரெநார்ஃபின் (டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும் ஓபியாய்டு மருந்துகள்) கொடுத்து நிலையாக வைத்திருப்பதே மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொல்லியிருக்கிறது. அப்படிச் சிகிச்சையில் இருக்கிற தாய் பால் கொடுக்கலாம், கொடுத்தால் பிள்ளைக்கு விலகலின் கடுமையும் குறையும். டிரமடாலும், கோடீன் என்ற இன்னொரு ஓபியாய்டும் வேறு கதை. அவற்றை எடுத்துக்கொண்டு பால் கொடுக்க வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ஆக, குழாயடிக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. வலிக்கு வேறு மருந்து மாற்றி, இதை மெல்லக் குறைத்து, அதுவரை பாலுக்கு என்ன வழி என்று ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

போலீஸ் பயத்தில் வாய் திறக்காதவர்களுக்கு: தானாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. 14446 இலவச உதவி எண்.

21.01.2025, இரவு 11.55

இப்போதுதான் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருகிறேன். நேரலை வகுப்பு. நடத்துகிற அமெரிக்கக்காரர்களுக்கு மதியம் பன்னிரண்டு, நமக்கு ராத்திரி பத்தரை. வீட்டுக்குள் சிக்னல் இல்லை, தண்ணித் தொட்டி மேல் போனை நிறுத்தி வைத்து, கொசுவோடு ஒரு மணி நேரம். எட்டுப் பாடத்தைவிட இது பிரயோஜனம். யாராவது ஒருவர் தன் கேஸைச் சொல்வார், மற்ற ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். இந்த மாதிரி கூட்டத்தை சஞ்சீவ் அரோரா என்ற டாக்டர் 2003இல் நியூ மெக்சிகோவில், கல்லீரல் நோய்க்காக ஆரம்பித்தார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் இதே பாணியில் போதை மீட்புப் பயிற்சி நடத்துகிறது. நேரமும் நமக்கு ஒத்துவரும், பேச்சும் புரியும். தங்கச்சி, உனக்கு நான் சொல்வது அதைத்தான்.

இன்றைக்கு நான் பேசலாம் என்று இருந்தேன். மைக்கைத் திறந்த நேரம் பக்கத்துத் தெருக் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. "திருமதி இந்தியா, உங்கள் பக்கம் சத்தமாக இருக்கிறது" என்றார்கள். மூடிவிட்டேன்.

24.01.2025, மாலை 5.30

கேள்வி கேட்ட தங்கச்சி வகுப்பை முடித்துவிட்டாளாம், 80 சதவீதம். ஒரு கேள்வி ஏன் தப்பு என்று கேட்கிறாள்: பிறந்ததும் சரியாக மூச்சு விடாத பிள்ளை, தாய்க்கு நீண்டநாள் ஓபியாய்டு பழக்கம். நலாக்சோன் கொடுக்கலாமா? அவள் ஆம் என்று போட்டிருக்கிறாள்.

கூடாது. நலாக்சோன் ஓபியாய்டை ஒரேயடியாகப் பிடித்துத் தள்ளிவிடும். பழகிய உடம்புள்ள பிள்ளைக்கு அந்த நிமிடமே கடுமையான விலகல், வலிப்புகூட வரும். பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடு, அதுதான் முதலும் முக்கியமும். பிரசவ வலிக்கு ஒரேயொரு டிரமடால் ஊசி போட்ட தாயின் பிள்ளையைப் பற்றியும் கேட்டிருக்கிறாய். அந்த ஒரு ஊசியால் பிள்ளை மந்தமாகப் பிறக்கலாம், விலகல் வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழகினால்தான் விலகல்.

தேர்வில் இதைத் தப்பாகப் போட்டது நல்லதற்கே. இனி மறக்க மாட்டாய்.

27.01.2025, மாலை 6.40

மஞ்சப்பை என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். பத்து நாளில் பதினாலு பை வந்தது. தைராய்டு மாத்திரை, அல்சர் மாத்திரை, மாமனாரின் பிரஷர் மாத்திரை, ஒரு பையில் ஆட்டுக்குப் போடுகிற பூச்சி மருந்துகூட. தூக்க மாத்திரை இரண்டு பையில். அதுவும் பிள்ளையைப் பாதிக்கும், டாக்டரிடம் சொன்னோம்.

நேற்று வந்த பையில் ஒரு அட்டை, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டியது. பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம்: "டால்". டிரமடாலும் டால்தான், டபென்டடாலும் டால்தான், இரண்டும் ஓபியாய்டு வலி மாத்திரை. எடைக் கருவி மூலையில் வைத்துக் கேட்டேன். "அது அவுகளோடது சிஸ்டர்" என்றாள். சரிம்மா என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவளும் போகவில்லை. எடைக் கருவியில் நின்ற முள்ளைப் பார்த்துக்கொண்டே, "எப்பவாச்சும் நானும் போடுவேன்" என்றாள்.

டாக்டரிடம் சொல்லியாயிற்று. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் என்று இருந்ததை ஐந்து நாள் பார்த்துவிட்டு என்று மாற்றியிருக்கிறார். பிள்ளைக்கு இப்போது 30 மணி நேரம். வார்மரில் போடவில்லை, அம்மா பக்கத்தில் தூங்குகிறது. ஏழரைக்கு என் நைட் டூட்டி. கட்டில் மேல் இருக்கிற டியூப்லைட்டை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லி மதிய சிஸ்டருக்கு இப்போதுதான் போன் போட்டேன்.